குழந்தைகளுக்கு வெயில் விழும் பாத்தி வேண்டும்

செங்கல்பட்டுக்கு அருகே உள்ள எங்கள் மனைப்பிரிவில், பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய திறந்தவெளியின் ஒரு பகுதியை உள்ளாட்சியின் அனுமதியோடு காய்கறித் தோட்டமாக்கி வைத்திருக்கிறோம். வெண்டை, கத்தரி, கொத்தவரை, பந்தலில் சுரையும் பீர்க்கும், வேலியோரம் முருங்கையும் அகத்தியும். விளைவதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறோம். கோடை விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். பிஞ்சுகள் காணாமல் போயின. பந்தல் கயிறு ஒன்று அறுந்தது. பாத்திக்குள் விழுந்த பந்தைத் தேடியவர்கள் கத்தரி நாற்றை மிதித்துவிட்டார்கள். குடியிருப்போர் நலச் சங்கம் கூடி, பிள்ளைகளுக்கு விதிகள் எழுதிப் பலகை வைப்பது என்று முடிவு செய்தது. வரைவு இப்போது எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது.

அந்த வரைவை நான் எதிர்க்கிறேன். விதியே வேண்டாம் என்று சொல்பவள் அல்ல நான். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து, அதிலும் பெரும்பகுதியைக் குழந்தைகள் வார்டில் கழித்து, ஓய்வு பெற்றவள். கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் ஒரு பிள்ளைக்கு என்னென்ன நேரும் என்பதை என் கையால் தூக்கிப் பார்த்தவள். என் எதிர்ப்பு வேறொன்றைப் பற்றியது. ‘காய் பறிக்கக் கூடாது’ என்பதும் ‘தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறக்கக் கூடாது’ என்பதும் அந்த வரைவில் அடுத்தடுத்து, ஒரே குரலில் இருக்கின்றன. ஒன்று பிள்ளையின் உயிரைக் காப்பது, மற்றொன்று நம் வீட்டுக் குழம்புக்கான காயைக் காப்பது. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்தால், காய் பறித்தும் ஒன்றும் ஆகவில்லை என்று கண்டுகொண்ட பிள்ளை, மூடியைத் திறந்தாலும் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைக்கும். உயிர் காக்கும் விதிகளைப் பெரியவர்கள் எழுதட்டும், அவற்றில் பேரமே கூடாது. காயையும் பூவையும் பற்றிய விதிகளைப் பிள்ளைகளே கூடி உட்கார்ந்து எழுதட்டும். சங்கத்தில் இதைத்தான் சொன்னேன், இங்கேயும் இதைத்தான் சொல்கிறேன்.

உயிர் காக்கும் விதிகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விஷம் உள்ளே போய் வார்டுக்கு வந்த சின்னப் பிள்ளைகள் யாரும் அதைத் தேடிப் போனவர்கள் அல்ல. கைக்கு எட்டியதை எடுத்தார்கள், அவ்வளவுதான். மண்ணெண்ணெய், கழிவறை கழுவும் ஆசிட், பூச்சிமருந்து என்று வரும். கேட்டால், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தோம் என்பார்கள். எங்கள் தோட்டத்துக் கொட்டகையிலும் இன்று அதே பாட்டில்கள்தான் வரிசையாக நிற்கின்றன. மீன் அமிலம், பஞ்சகவ்யம், வேப்பெண்ணெய்க் கரைசல். “இயற்கை மருந்துதானே சிஸ்டர், ஒன்றும் செய்யாது” என்கிறார்கள். வேப்பெண்ணெய் சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வாந்தியில் தொடங்கி, மயக்கம், வலிப்பு வரைக்கும் போகும். வயிற்றுப் பூச்சிக்கு நல்லது என்று வீட்டுப் பெரியவர்கள் சங்கில் புகட்டிவிட்டு, வலிப்போடு தூக்கிக்கொண்டு ஓடிவந்த கைக்குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். செடிக்கு நல்லது என்பதாலேயே ஒரு பொருள் பிள்ளைக்கு நல்லதாகிவிடாது.

அதைவிடக் கொடியது எலி பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசையைத் தமிழக அரசு தடைசெய்திருக்கிறது. ஆனாலும் பழைய டியூபு ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும். அதைத் தக்காளித் துண்டிலோ தேங்காய்ச் சில்லிலோ தடவி எலி வரும் வழியில் வைப்பதுதான் நம் ஊர் வழக்கம். தோட்டத்தில் கீழே கிடக்கும் தக்காளியை ஒரு குழந்தை என்னவென்று நினைத்து எடுக்கும்? இந்த விஷத்தின் கொடுமை, முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாந்தி எடுத்த பிள்ளை தெளிந்து உட்கார்ந்து பேசும். பெற்றோர் நிம்மதியோடு வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். ஓரிரு நாள் கழித்துக் கண் மஞ்சளாகி, கல்லீரல் செயலிழந்து திரும்ப வரும். பொதுத் தோட்டத்தில் எலிக்கு எந்த வகை நஞ்சும் வைக்கக் கூடாது. பொறிக்கூண்டு போதும். இந்த விதி பலகையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சங்கத்தின் நோட்டில் ஏறி, ஒவ்வொரு வீட்டுப் பெரியவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

செடிகளிலும் நஞ்சு உண்டு. எங்கள் தெற்கு வேலியில் காட்டாமணக்கு இருக்கிறது. ஆடு மாடு மேயாது என்பதால் வேலிக்கு வைத்தார்கள். அதன் கொட்டையை உடைத்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு இருக்கும், வாயில் போட்டால் இனிக்கும். ஒரு பிள்ளை தின்று பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல, மற்றவையும் தின்னும். அதனால்தான் காட்டாமணக்கு தின்ற பிள்ளைகள் எப்போதும் கூட்டமாகத்தான் ஆஸ்பத்திரிக்கு வரும், ஒரே தெருவிலிருந்து, ஒரே பள்ளியிலிருந்து. பெரும்பாலும் வாந்தி வயிற்றுப்போக்கோடு போய்விடும், சலைன் ஏற்றிக் காப்பாற்றிவிடலாம். பொன்னரளி அப்படியல்ல, அதன் கொட்டை இதயத் துடிப்பையே குலைத்துவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. குன்றிமணியை முழுதாக விழுங்கினால் ஒன்றும் ஆகாமல் வெளியே வந்துவிடக்கூடும், கடித்து மென்றால் உயிருக்கு ஆபத்து. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் கடும் நஞ்சு. வேலியிலிருந்து காட்டாமணக்கையும் பொன்னரளியையும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. செங்காந்தளை விட்டுவைக்கலாம். அதற்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தி, பூவைக் காட்டி, மண்ணுக்கு அடியில் இருக்கும் கிழங்கைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்லா நஞ்சையும் கண்ணில் படாமல் ஒளித்துவிட்டால், பிள்ளை அதை வேறு எங்கேயாவது, சொல்லித்தர யாரும் பக்கத்தில் இல்லாதபோது சந்திக்கும்.

தண்ணீரைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சில அங்குல ஆழம் போதும், தலைகுப்புற விழுந்த தவழும் குழந்தைக்கு எழத் தெரியாது. டிரம்முக்கும் சிமென்ட் தொட்டிக்கும் பூட்டுப் போடும் மூடி வேண்டும். வாரம் ஒருமுறை வடித்துத் தேய்த்துக் காய விடவும் வேண்டும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர எட்டு முதல் பத்து நாள்தான் ஆகும்.

இப்படிச் சேர்த்துப் பார்த்தால், உயிர் காக்கும் விதிகளில் ஏறக்குறைய எல்லாமே பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலைகள். மூடியைப் பூட்டுவது, பாட்டிலில் பெயர் எழுதி உயரத்தில் வைப்பது, கொட்டகைச் சாவியைக் கழற்றிக்கொண்டு போவது, வேலியைச் சுத்தம் செய்வது. ஆபத்து மிக அதிகமாக இருப்பது ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. அவர்களுக்காக ஒரு பலகை எழுதி வைத்துவிட்டு, விதி போட்டாயிற்று என்று நாம் நிம்மதியடைவது பெரிய அநியாயம். பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது மிச்சம் கொஞ்சம்தான். கொட்டகைக்குள் தனியாகப் போகாதே. கேட்காமல் எதையும் வாயில் வைக்காதே. களைக்கொத்து பிடிக்கலாம், பெரியவர் பக்கத்தில் இருந்தால். மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை உன் உயரம் வரட்டும். பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று குரல் கொடு, அடிக்கவோ துரத்தவோ போகாதே. (பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. பெரியவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.)

இதற்கு நேர் எதிராக, பயப்பட வேண்டாததற்கெல்லாம் பயப்படுகிறோம். வரைவில் ‘மண்ணில் விளையாடக் கூடாது’ என்று ஒரு வரி இருக்கிறது. இளம் தாய்மார்கள் கேட்டுச் சேர்த்தது. மண்ணில் புழு இருக்கும், கிருமி இருக்கும் என்கிறார்கள். உண்மைதான். கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும், வட்டப்புழுவின் முட்டை நகக்கண் வழியாக வாய்க்குப் போகும். அதற்குச் செருப்பும் சோப்பும் இருக்கின்றன. தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். முள் குத்தும், ஆணி கிழிக்கும் என்கிறார்கள். ரண ஜன்னிக்குத் தடுப்பூசி அட்டவணை இருக்கிறது. 5 வயதில் ஒரு ஊக்கத் தவணை, 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று. பள்ளியில் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிடாமல் அட்டையை எடுத்துப் பாருங்கள். இவ்வளவும் நாம் செய்துவிட்டால் பிள்ளை முழங்கை வரை மண்ணில் கையை விடலாம். மண்புழுவை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம். கட்டெறும்பு கடித்து அழலாம். அதனால் ஒரு பிள்ளையும் என் வார்டுக்கு வந்ததில்லை.

இனி காய்க்கு வருகிறேன். சங்கத்தில் அதிகம் கொதித்தது சுரைப்பந்தலைப் பற்றித்தான். பூவெல்லாம் பறித்துவிடுகிறார்கள், பிஞ்செல்லாம் வெம்பிப் போகிறது என்றார்கள். பிள்ளைகள் விரலை நீட்டிப் பிஞ்சைக் காட்டுவதால்தான் அழுகுகிறது என்று ஒரு பெரியவர் உறுதியாகச் சொன்னார். நானும் சிறு வயதில் பிஞ்சைக் காட்டும்போது விரலை மடக்கிக்கொண்டுதான் காட்டுவேன், எங்கள் அம்மா அப்படிச் சொல்லி வளர்த்தார். பிஞ்சு வெம்புவதற்குப் பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். பழ ஈ குத்துவதும் உண்டு. சுரைப்பூ சாயங்காலம் மலர்வது. அந்த நேரத்துக்குப் பூச்சி வரத்துக் குறைவாக இருந்தால் பெண்பூ காத்திருந்து வாடும், அடியில் இருக்கும் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கும்.

ஒரு நாள் வெயில் தாழ்ந்ததும் பந்தலடிக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். மெல்லிய நீளக் காம்பில் நிற்கும் ஆண்பூவையும், காம்புக்கும் பூவுக்கும் நடுவே பூனைமயிர் போர்த்திய குட்டிச் சுரைக்காய் ஒன்று ஒட்டியிருக்கும் பெண்பூவையும் காட்டினேன். அதற்குமுன் பறித்ததெல்லாம் அவர்களுக்கு வெறும் வெள்ளைப் பூ. இப்போது அண்ணாந்து பார்த்து, “இது பொண்ணு, இது பையன்” என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் முடியில் மெல்லத் தொட்டுத் தடவக் கற்றுக்கொடுத்தேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு தடவினான். அடுத்த சில நாள்களில் அந்தப் பிஞ்சு தலை கவிழ்ந்து பருக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பந்தலுக்குக் காவல் இருக்கிறான். நாங்கள் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பிறகு பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, இந்தத் தோட்டத்துக்கு நீங்கள் என்ன விதி வைப்பீர்கள் என்று கேட்டேன். ஆண்பூவை மட்டும் பறிக்கலாம், அதிலும் ஒரு கொடியில் பாதியை விட்டுவைக்க வேண்டும். தடவிய பூவின் காம்பில் நூல் கட்ட வேண்டும், நூல் கட்டிய காயைப் பெரியவர்களும் கேட்காமல் பறிக்கக் கூடாது. முள்ளங்கி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பிடுங்கிப் பார்க்கலாம், ஆனால் ஒரு பாத்திக்கு ஒன்றுதான், பிடுங்கினவர் அதைத் தின்றாக வேண்டும். பந்து உள்ளே விழுந்தால் ஒருவர் மட்டும் வரப்பு வழியாகப் போய் எடுக்க வேண்டும். முள்ளங்கி விதியை நம்மில் ஒருவரும் எழுதியிருக்க மாட்டோம். பிடுங்கிப் பார்க்கும் ஆசை நமக்குத் தொல்லையாகத் தெரிகிறது, அவர்களுக்கு அதுதான் தோட்டத்துக்கு வருவதற்கே காரணம். அந்த ஆசைக்கு ஒரு முள்ளங்கியை ஒதுக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த விதியை அவர்கள் இதுவரை மீறவும் இல்லை.

பயன்படுத்துபவர்களே விதி செய்தால் பொதுச்சொத்து நிலைக்கும் என்பதைப் பெரிய ஆய்வாகவே செய்தவர் எலினோர் ஆஸ்ட்ரம். ஸ்பெயினின் பாசனக் கால்வாய், சுவிட்சர்லாந்து மலைக்கிராமத்து மேய்ச்சல் நிலம் என்று உலகம் முழுக்க உள்ள பொதுச்சொத்துகளை ஆராய்ந்து 1990-ல் புத்தகம் எழுதினார். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009-ல் பெற்றார், அதைப் பெற்ற முதல் பெண். நீண்ட காலம் நிலைத்த இடங்களிலெல்லாம் அவர் கண்டவற்றில் இரண்டு நமக்கு நேராகப் பொருந்தும். விதிக்குக் கட்டுப்படுபவர்களுக்கு அந்த விதியை மாற்றுவதில் பங்கு இருந்தது. மீறியவருக்கு முதல் தடவை மிகச் சின்னத் தண்டனைதான் இருந்தது. ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும், தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையையும் விளையாடும் உரிமையையும் பிள்ளைகளுக்குத் தருகிறது. இந்தியா அதை 1992-ல் ஏற்றது.

நம் பக்கத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டளவில் வெட்டிய கல்வெட்டில், ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியம் என்றே ஒரு குழு இருக்கிறது. 12 பேர், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஏற்கெனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்து பழகியவர்களைத்தான் அதற்கு மேலான சம்வத்சர வாரியத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு முறை வைத்திருந்தார்கள். பொதுக்காரியம் பழகும் இடமாகத் தோட்டம் இருந்திருக்கிறது. ஆனால் அது 35 முதல் 70 வயது வரை உள்ள, நிலமும் சொந்த மனையும் உள்ள, வேதம் கற்ற ஆண்களின் சபை. பெண்களுக்கும், அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்கும் அதில் ஓலை இல்லை. இதையும் சேர்த்துத்தான் அதைப் போற்ற வேண்டும்.

ஏனென்றால் எங்கள் வரைவிலும் அப்படி ஒரு வரி இருக்கிறது: ‘குடியிருப்போரின் குழந்தைகளுக்கு மட்டும்.’ காவலாளியின் மகள் தோட்டத்துக்குள் வரக் கூடாது என்பதுதான் இதன் பொருள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களோடு விடுமுறையில் கூடவே வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் வரக் கூடாது. அந்தக் காவலாளியின் குடும்பம் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தது. கத்தரி நாற்றை நண்பகலில் பிடுங்கி நட நாங்கள் ஏற்பாடு செய்தபோது அவள்தான் வந்து சொன்னாள், “ஆயா, இப்ப நட்டா துவண்டு போயிடும். சாயங்காலம் நடலாம். வேர்ல மண்ணு உதிராம எடுக்கணும்.” பத்து வயது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாற்றங்காலையே அவள்தான் அறிமுகம் செய்தாள். அவளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே என்ன தோட்டம் போடப் போகிறோம்?

2011 ஜூலையில் சென்னைத் தீவுத்திடல் அருகே நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ராணுவ அதிகாரிகளின் குடியிருப்பு வளாகத்துக்குள் வாதாங்கொட்டை பறிக்கப் போன 13 வயதுச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளை. சுட்ட ஓய்வுபெற்ற அதிகாரிக்கு 2012-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. எங்கள் தோட்டத்தில் துப்பாக்கி இல்லை. ஆனால் மரத்தில் காய்த்ததைக் கண்டு சுவரேறி வரும் பிள்ளையைத் திருடன் என்று பார்க்கும் கண் எங்கே தொடங்குகிறது என்றால், ‘மட்டும்’ என்று முடியும் இப்படி ஒரு வரியில்தான் தொடங்குகிறது. அந்த வரியை அடித்துவிட வேண்டும். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

எழுதாத விதி ஒன்றும் தோட்டத்தில் நடக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, வெண்டைப் பாத்திக்கு நீர் விடுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவள், நாலைந்து நாள் வரவில்லை. வந்தபோது என்னம்மா உடம்புக்கு என்று கேட்டேன். தலைகுனிந்துகொண்டே, “அம்மா செடிப்பக்கம் போகக் கூடாதுன்னாங்க பாட்டி” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. தீட்டு பட்டால் செடி கருகிவிடும் என்று படித்த வீடுகளிலும் சொல்கிறார்கள். கொடியில் வெள்ளைப்பூச்சி விழுந்ததற்கும் அந்தப் பெண்பிள்ளைகளைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டு வயலில் நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண்கள். மாதத்தில் எந்த நாளில் எந்தப் பெண் இறங்கினாள் என்று எந்த நெற்பயிரும் கேட்டதில்லை. அவர்கள் கை பட்டு விளைந்த சோற்றைத்தான் தினமும் சாப்பிடுகிறோம். பொதுத் தோட்டத்தில் எந்தப் பெண்பிள்ளையையும் எந்த நாளிலும் தள்ளி நிற்கச் சொல்லக் கூடாது. இது பெரியவர்களுக்கான விதி, பலகையிலேயே எழுத வேண்டிய விதி. கூடவே, கழிவறை வசதி உள்ள சங்க அறையின் சாவி பிள்ளைகள் கேட்டதும் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். வயது வந்த பெண்பிள்ளைகள் நடுவில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்டனை பற்றி வரைவில் இருப்பவை இரண்டு. ஒன்று, பெற்றோருக்கு அபராதம். பணம் கட்டிய பெற்றோர் பிள்ளையை அடிப்பார்கள், அல்லது இனி அந்தப் பக்கமே போகாதே என்பார்கள். சங்கத்துக்கு வரும் சில நூறு ரூபாய்க்கு இது தேவையில்லை. மற்றொன்று, தவறு செய்த பிள்ளை ஒரு பாத்தி களை எடுக்க வேண்டும் என்பது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் களை எடுப்பதைத் தண்டனையாக்கினால், அந்த வேலையே கேவலமானது, தப்புச் செய்தவர்கள் செய்வது என்று பிள்ளை படித்துக்கொள்ளும். களை எடுத்துப் பிழைக்கும் பெண்களை அது நாளை எப்படிப் பார்க்கும்? பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. பள்ளியில் கூடாதது தோட்டத்தில் எதற்கு? நாற்றை மிதித்தால், மிதித்த இடத்தில் வேறொரு நாற்றை நடட்டும். யாருடைய பாத்தியோ அவரோடு சேர்ந்து நடட்டும். கயிறு அறுந்தால் கட்டக் கற்றுக்கொடுங்கள். மறுபடி மறுபடி செய்தால் பிள்ளைகளின் கூட்டத்திலேயே பேசட்டும். அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள் என்பதால், அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர் இருந்து, தண்டனை எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“இவ்வளவு இடம் கொடுத்தால் விளைச்சல் போய்விடும்” என்கிறார் சங்கச் செயலர். நேர்மையான மனிதர், விடியற்காலையில் எழுந்து மோட்டார் போடுபவர். அவருடைய உழைப்புக்கு மரியாதை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. விளைச்சலில் கொஞ்சம் போகத்தான் போகும். அணில் தின்கிறது, கிளி கொத்துகிறது, அதையெல்லாம் கணக்கில் சேர்த்துத்தானே விதைக்கிறோம். இந்தத் தோட்டத்தை நாளைக்கு யார் பார்ப்பார்கள் என்பதுதான் என் கவலை. இப்போது அதில் குனிந்து நிமிர்பவர்கள் ஏறக்குறைய எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள்.

பிள்ளைகளுக்குத் தனிப் பாத்தி கொடுப்பதற்குச் சங்கம் இசைந்திருக்கிறது. வேப்பமரத்தடி மூலையைக் காட்டியிருக்கிறார்கள். அங்கே நண்பகலிலும் நிழல். வேர் ஓடிக் கிடக்கும் மண், ஒரு களைக்கொத்து இறங்காது. குழாயும் தூரம். நாமே எதுவும் வைக்காமல் விட்ட இடம் அது. அங்கே வெண்டை போட்டால் நோஞ்சானாக நீண்டு, இரண்டு காய் காய்த்து நின்றுவிடும். பிள்ளைகளுக்குத் தோட்டம் வராது என்று அப்போது எல்லாரும் சொல்வோம். கிழக்கு வேலிக்கும் குழாய்க்கும் நடுவே இருக்கும் இரண்டு பாத்திகளை அவர்களுக்குக் கேட்டிருக்கிறேன். காலை வெயில் நேராக விழும். மண் பொலபொலவென்று இருக்கும். ஒரு பாத்தியில் முளைக்கீரையும் வெந்தயக்கீரையும் போடலாம், ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும், சின்னதுகளுக்கு அதற்குமேல் பொறுமை இருக்காது. மற்றதில் முள்ளங்கியும் வெண்டையும். பந்தலில் சுரைக்கொடி ஒன்று. ஆடிப்பட்டத்துக்கு விதைக்க வேண்டுமானால் மண்ணைக் கிளறி, மட்கிய எரு போட்டு ஆற விட வேண்டும். அதற்கு முன்பே சங்கம் கூட வேண்டும், அந்தக் கூட்டத்துக்குப் பிள்ளைகளையும், காவலாளியின் மகளையும் சேர்த்து, அழைக்க வேண்டும். நூல் கட்டுவது பற்றிய விதியை அவர்களே படித்துக் காட்டுவார்கள்.